நாமம் இரண்டு, வாசல் ஒன்று

செங்கற்பட்டுச் சீமையில் வடகலை, தென்கலைச் சண்டையைக் கேள்விப்படாதவர் இல்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் கும்பினி ஆட்சிக் காலந்தொட்டே இந்த வழக்கு நடக்கிறது. பாசுரம் ஓதும் உரிமை யாருக்கு, எந்த ஆசாரியரின் வாழ்த்து முதலில் என்ற விவகாரம் 2022-லும் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. மில்லிலும் வயலிலும் பாடுபடுகிற நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது.

முதலில் சண்டை என்னவென்று பார்ப்போம். இரு கலையாருக்கும் ராமாநுஜரே ஆசாரியர். அவருக்குப் பின்வந்தவர்களிடம் பிளவு உண்டாயிற்று. காஞ்சித் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் வழி நிற்பவர் வடகலையார். ஸ்ரீரங்கத்துப் பிள்ளை லோகாசாரியர், மணவாள மாமுனிகள் வழி நிற்பவர் தென்கலையார். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றுவதுபோல் மனிதனும் தன் பங்குக்கு முயல வேண்டும் என்பது வடகலை. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் கடவுளே காப்பான் என்பது தென்கலை. கணவனை இழந்த பெண்ணின் தலையை மழிப்பது வடகலை வழக்கமாக இருந்தது. தென்கலை அதை ஏற்கவில்லை. நாமத்துக்குப் பாதம் உண்டா, இல்லையா என்ற சண்டை ஊரறிந்தது.

ஒரு கேள்வி மட்டும் நம்மை நேராகத் தொடுகிறது. பக்தனின் பிறப்பை ஆராய்வது பெரும்பாவம் என்று எழுதினார் பிள்ளை லோகாசாரியர். பக்தனானாலும் ஜாதி ஆசாரம் நீங்காது என்றார் தேசிகர். ஏட்டில் இத்தனை வித்தியாசம். நடப்பிலோ? கோயில் நிலத்தை உழுத சேரி மக்களுக்கு எந்த நாமத்தார் கோயிலும் நூற்றாண்டுக் கணக்கில் மூடியே கிடந்தது. யானை நெற்றிக்கு எந்த நாமம் என்று அடித்துக்கொண்டவர்கள், வாசலை அடைப்பதில் ஒற்றுமையாக இருந்தார்கள். கதவு திறக்க மக்கள் இயக்கமும் 1947-ஆம் வருஷத்து ஆலயப் பிரவேசச் சட்டமும் தேவைப்பட்டன.

இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. யூத மதத்திலும் பிரிவுகள் உண்டு. ஜெபக்கூடத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரலாமா, ஓய்வுநாளான சனிக்கிழமை வண்டி ஓட்டலாமா என்று பழைய முறைக்காரரும் சீர்திருத்தக்காரரும் வாதாடுகிறார்கள். கொச்சியில் நடந்த வழக்கோ வேறு மாதிரி. அங்கே மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெபக்கூடத்தில் வேதமும் ஒன்று, பிரார்த்தனையும் ஒன்று. ஆனாலும் விடுதலை பெற்ற அடிமைகளின் வம்சத்தாருக்கு உள்ளே சம இடம் கிடையாது. முன்னறையோடு நிற்க வேண்டும். அந்த வம்சத்தில் வந்து, சென்னையில் படித்து வக்கீலான ஏ. பி. சேலம் (1882–1967) ஜெபக்கூடத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். தொழிலாளர் சங்கம் கட்டியவரும் அவரே. தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

காஞ்சியில் ராமாநுஜர் மதித்த திருக்கச்சி நம்பி பிராமணரல்லாதார். அவரை விருந்துக்கு அழைத்து, அவர் உண்ட மிச்சத்தை உண்ண ஆசைப்பட்டாராம் ராமாநுஜர். நம்பி உண்டு போனதும், தீட்டென்று வீட்டை மெழுகிக் குளித்தாராம் மனைவி. ராமாநுஜர் மனம் நொந்தார் என்கிறது குருபரம்பரை.

அதே சீமையில், 2021 அக்டோபரில், மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் தம்மை உட்காரவிடாமல் விரட்டியதாக ஒரு நரிக்குறவர் பெண் துணிந்து சொன்னார். சேதி நாடெங்கும் பரவியது. அமைச்சர் வந்து அதே கோயிலில் அவரோடு பந்தியில் உட்கார்ந்தார். அடுத்த மாதம் முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவருக்கும் இருளருக்கும் பட்டா வழங்கினார். ஒரு பெண் வாய் திறந்ததால் இவ்வளவும் நடந்தது!

குரங்கா, பூனையா என்பதைப் பண்டிதர்கள் பேசட்டும். அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. எந்த மதமானாலும், எந்தக் கலையானாலும் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: பந்தியில் எல்லோருக்கும் இலை போடுகிறீர்களா? இல்லையென்றால், அந்த நரிக்குறவர் பெண்ணைப்போல் நாமும் வாய் திறப்போம்.