எழுத்தும் வாய்க்காலும்

பாட்டன் வெட்டிய வாய்க்கால் என்பதற்காகத் தூர் வாராமல் விட்டால் தஞ்சையின் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருமா? எழுத்தும் அப்படிப்பட்ட வாய்க்கால்தான். கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர், 18ஆம் நூற்றாண்டில் எகர, ஒகரங்களின் குறில் நெடில் குழப்பத்தைத் தீர்த்தார். 1935இல் பெரியார், ணா, றா, னா, ணை, லை முதலிய எழுத்துகளின் பழைய தனி வடிவங்களை விட்டுவிட்டுக் "குடி அரசு" பத்திரிகையை அச்சிட்டார். பிள்ளைகள் படிக்கவும் அச்சுக் கோக்கவும் சுலபம் என்பதே காரணம். சர்க்கார் அதை ஏற்றுக்கொள்ள 1978 ஆயிற்று! அதனால் தமிழ் அழிந்தா போயிற்று?

ஆனால் வடிவம் மட்டும் திருந்தினால் போதுமா? இன்றும் பயிர்க் கடன் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு, அர்த்தம் சொல்ல ஆள் தேடும் விவசாயியைக் காண்கிறோம். குற்றம் அவருடையதா, புரியாதபடி எழுதினவருடையதா? தோழர்களே! மனுவோ நோட்டீசோ எழுதினால் முதலில் கடைமடை விவசாயியிடம் வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியவில்லையென்றால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.