லயங்கள் புதையும் வரை காத்திருப்பதா?

மூன்று தேதிகளை நாம் மறக்க முடியாது. 2014 அக்டோபர் 29: இலங்கையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தின் லயங்கள் மண்ணோடு மண்ணாயின. 2020 ஆகஸ்ட் 6 இரவு: மூணாறு அருகே பெட்டிமுடியில் 70 பேர் மாண்டனர். 2024 ஜூலை 30 அதிகாலை: வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் பாறையும் சேறும் கலந்த வெள்ளம் வாரிச் சென்றது, 200 பேருக்கு மேல் பலியாயினர்.

முதல் இரண்டு இடங்களிலும் மாண்டவர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். வயநாட்டிலும் தொழிலாளரின் பாடிகள் தப்பவில்லை.

"இயற்கையின் சீற்றம், யார் என்ன செய்ய முடியும்?" என்று கைவிரிக்கிறார்கள். மழையை யாரும் தடுக்க முடியாது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மலைச்சரிவின் அடியிலே கொண்டுபோய் லயத்தைக் கட்டியது மழையா? மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கப்பட்டது. மாற்று வீடு கிடைக்காத ஜனங்கள் வேறெங்கே போவார்கள்? பெட்டிமுடியிலோ மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போய், இரவில் நடந்த கோரம் மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது.

நாள்கணக்கில் மழைநீர் ஊறினால் மண் கனத்துப் பிடிப்பை இழக்கிறது. பல சமயங்களில் மலை முன்கூட்டியே அறிகுறி காட்டும். தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், புதிதாகப் பொங்கும் ஊற்று, திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஓடை: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வெளியேற வேண்டும். ஓடையின் போக்கில் கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும்.

ஒவ்வொரு தோட்டத்திலும் தொழிலாளர் கமிட்டி அமைப்போம். மழைமானி வைத்து அளவைக் குறிப்போம்; வடிகால்களைத் தூர் வாருவோம்; கனமழை இரவுகளில் முறைவைத்துக் காவல் இருப்போம். மணி அடித்தால் எந்த வழியில், எங்கே செல்வது, முதியோரையும் குழந்தைகளையும் யார் அழைத்துச் செல்வது என்பதை மழைக்காலத்துக்கு முன்பே ஒத்திகை பார்ப்போம்.

ஆனால் காவல் இருப்பது மட்டும் போதாது. ஆபத்தான லயங்களை அகற்றிப் பத்திரமான இடத்தில் நிலமும் வீடும் தர வேண்டும். எச்சரிக்கை நாட்களில் கூலியோடு விடுமுறை வேண்டும். ஆபத்துப் பகுதிகளின் வரைபடம் தமிழில் தோட்டந்தோறும் ஒட்டப்பட வேண்டும்.

பிணங்களுக்கு நஷ்டஈடு கொடுக்கும் சர்க்கார், உயிரோடு இருப்பவர்களுக்கு வீடு கொடுக்கட்டும்! அடுத்த மழைக்கு முன்பே இதற்காகத் தோட்டத் தொழிலாளர் அனைவரும் ஒன்றுபட்டுக் குரல் எழுப்ப வேண்டும்.