நட்ட பிறகுதான் வேலை



களப்போரங்களில் கண்டல் நடும் நாளை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பதாகை கட்டுவார்கள், அதிகாரிகள் வருவார்கள். மாதர் சங்கப் பெண்கள் முழங்காலளவு சேற்றில் இறங்கிக் கன்றுகளை நடுவார்கள். படம் எடுத்ததும் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். அடுத்த மாரி முடிந்து போய்ப் பார்த்தால் அந்தக் கன்றுகள் எங்கே?

2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. நம் நாட்டில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்று மட்டுமே. நட்ட பின்னரான பராமரிப்புக்கும் கன்றுகள் பிழைப்பதற்கும் நேரடித் தொடர்பு இருந்ததையும் அவர்கள் கண்டார்கள்.

ஆகவே, சூழல் தொண்டர்களுக்கான பயிற்சி நடுவதை மட்டும் கற்பித்தால் போதாது. இடம் தெரிவு செய்வதிலேயே அது தொடங்க வேண்டும். எப்போதும் நீர் தேங்கி நிற்கும் இடத்தில் இளங்கன்று மூச்சுமுட்டிச் சாகும். நீர் ஏறி வற்றும் இடமே பொருத்தமானது. முன்பு எந்த வகைக் கண்டல் எவ்விடத்தில் நின்றது என்பதை நண்டும் இறாலும் பிடித்து வாழ்ந்த நம் பெரியவர்களிடம் கேட்டறியலாம். பின்னர் ஆடு மாடு கடிக்காமல் வேலியடைப்பது, கன்றில் சிக்கும் பாசியையும் குப்பையையும் அகற்றுவது, மாதமொருமுறை கன்றுகளை எண்ணிக் கொப்பியில் பதிவது எனப் பராமரிப்பு தொடரும். இவற்றுக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. தொடர்ந்து செய்யும் கைகள்தான் தேவை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கணவனை இழந்து, தனியே குடும்பம் சுமக்கும் பெண்ணுக்கு ஒருநாள் பயிற்சி என்பது ஒருநாள் கூலி இழப்பு. 'தொண்டு' என்ற பெயரில் அவளது உழைப்பை இலவசமாக்குவது நியாயமல்ல. 2015இல் சுதீச நிறுவனம் ஆரம்பித்த கண்டல் பாதுகாப்புத் திட்டம் இதைக் கருத்திற் கொண்டது. கண்டலைக் காக்க முன்வந்த கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் அதில் சேர்ந்தே வந்தன.

அடுத்த முறை உங்கள் ஊருக்குப் பயிற்சி வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த இடத்தைத் தெரிவு செய்தவர் யார்? ஆறு மாதத்தின் பின் கன்றுகளைப் பார்க்கப் போவது யார்? அந்த வேலைக்கு எங்களுக்கு என்ன கொடுப்பனவு?

யுத்தத்திலும் சுனாமியிலும் நம் கரைகள் இழந்தவை ஏராளம். மிஞ்சியிருக்கும் கண்டல் நிழலில்தான் மீனும் இறாலும் குஞ்சு வளர்க்கின்றன. நம் பிள்ளைகளின் சோறும் அங்கேதான் இருக்கிறது. கேட்கத் தயங்காதீர்கள் சகோதரிகளே.