இறக்குமதிச் சரக்கா?

பொருள்முதல்வாதம் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது, இந்த மண்ணுக்கு ஆன்மிகமே இயல்பு என்கிறார் ஒரு கட்டுரையாளர். அவர் மணிமேகலையின் 27ஆம் காதையைப் புரட்டியிருக்கலாம். வஞ்சி நகரில் பல சமயவாதிகளிடம் கேள்வி கேட்டுச் செல்லும் மணிமேகலை பூதவாதியையும் சந்திக்கிறாள். பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேர்ந்தால் கள்ளில் போதை பிறப்பதுபோல, நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்கிறான் அவன். பூதங்கள் பிரிந்தால் உணர்வும் போய்விடும். இதில் ஐரோப்பா எங்கே இருக்கிறது?

நீலகேசி ஒரு சருக்கத்தையே பூதவாதத்துக்கு ஒதுக்குகிறது. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் முதலில் மறுப்பது பொருள்முதல்வாதியான உலகாயதனை. ஊரில் இல்லாத ஆளோடா இத்தனை பேர் மல்லுக்கட்டினார்கள்? உலகாயதர் எழுதிய நூல்கள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. எதிராளிகளின் ஏடுகளில்தான் அவர்கள் குரல் கேட்கிறது. அதைக் கொண்டு அவர்கள் இருந்ததே இல்லை என்பது, வழக்கில் வென்றவன் எழுதிய தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு எதிர்த்தரப்பே கிடையாது என்பதாகும்.

பூதவாதி சொன்னதெல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. காட்சியில் தெரிவது மட்டுமே உண்மை என்ற அவனைப் பார்த்து மணிமேகலை சிரிக்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானம் இல்லாமல் எப்படி அறிவாய்? சரியான அடி. பௌத்தம் போற்றும் காப்பியம்கூட எதிராளியைப் பேசவிட்டு, பிறகு காரணம் காட்டித்தான் மடக்கியது. நம் கட்டுரையாளர் அந்தச் சிரமம்கூடப் படவில்லை. அவன் வெளியூர்க்காரன் என்று கதவைச் சாத்திவிட்டார்.