சோலார் போட முன்னர் மாரியையும் கணக்கில் எடுப்போம்



"இந்த வெயிலுக்கு சோலார் போட்ட வீட்டுல கரண்ட் கொட்டும்." கச்சான் காலத்தில் நம்ம கிழக்குப் பக்கம் அடிக்கடி காதில் விழும் பேச்சு. இது பாதிதான் சரி.

பெனலுக்குத் தேவை வெளிச்சம், சூடு அல்ல. 5 கிலோவாட் என்று கொம்பனி சொல்வது, ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம் விழ, பெனலின் கலம் 25 பாகை செல்சியஸில் இருக்கும்போது ஆய்வுகூடத்தில் அளந்த அளவு. நம்ம கூரையில் நண்பகலில் அந்தக் கலத்தின் சூடு 60 பாகையையும் தொடும். 25க்கு மேல் கூடும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 வீதம் உற்பத்தி குறையும். அப்படிப் பார்த்தால் 12 வீதமளவில் சூட்டிலேயே போய்விடுகிறது. கூரைக்கும் பெனலுக்கும் இடையில் காற்றுப் போக இடைவெளி விடச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது மாரி. நவம்பரிலிருந்து ஜனவரி வரை நம்ம வானம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கரு முகில் மூடினால் நல்ல வெயிலில் வருவதில் கால்வாசிதான் வரும், சில நேரம் பத்தில் ஒன்றுதான். மழையால் உள்ள ஒரே நன்மை, பெனலில் படிந்த தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிவிடுவது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறோம்? மார்ச், ஏப்ரல் மாத யூனிட்டைக் காட்டி, "மாதத் தவணையைக் கரண்டே கட்டும்" என்று சொல்லி விற்கிறார்கள். நம்மவர்கள் நகையை அடகு வைத்துக்கூட முற்பணம் கொடுக்கிறார்கள். பள்ளிவாசல்களுக்கும் ஜமாஅத்தாரின் காசில் போடுகிறோம். மாரியில் யூனிட் குறையும், தவணை குறையாது. பிறகு ஏமாந்துவிட்டோம் என்று பேசிப் பயனில்லை. ஒரு போக விளைச்சலை வைத்து வருசக் கணக்குப் போடும் போடியார் நம்ம ஊரில் யாராவது உண்டா?

சோலார் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வருசம் முழுக்கப் பார்த்தால் நல்ல வெயில் உள்ள நாடு நம்முடையது. ஆனால் கையெழுத்துப் போட முன்னர் 12 மாதத்துக்கும் மாதவாரியான யூனிட் கணக்கை எழுத்தில் கேளுங்கள். ஏப்ரலில் மிஞ்சுவதில் கொஞ்சத்தை டிசம்பர் தவணைக்கு எடுத்து வையுங்கள்.

ஏற்கனவே போட்டவர்கள் உங்கள் ஏப்ரல் யூனிட்டையும் டிசம்பர் யூனிட்டையும் கீழே எழுதுங்கள். கொம்பனிக்காரர் சொல்வதை விட அயல்வீட்டு மீட்டர் நமக்கு நல்ல சாட்சி.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக.