வாசிக்காமல் வைத்த கையெழுத்து

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலமெல்லாம் நான் தவறாமல் வாசித்த பகுதி ஆசிரியர் தலையங்கம் அன்று. விளம்பரப் பக்கத்தின் மூலையில் வரும் 'அற்றோணித் தத்துவம் இரத்து' அறிவித்தல்கள். இன்னாருக்கு இன்ன திகதியில் வழங்கிய தத்துவம் இனிச் செல்லாது என்ற நான்கு வரிகளின் பின்னால் பெரும்பாலும் ஓர் உடைந்த உறவு இருக்கும்.

2010 இல் கனடாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த நண்பருக்கு அந்த நான்கு வரிகளும் பிந்திவிட்டன. தொண்ணூறுகளில் புறப்பட்டபோது, தென்னங்காணியைப் பார்க்கவும் வீட்டு வாடகையை வாங்கவும் என்று மைத்துனருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்திருந்தார். வந்து பார்த்தால் காணி வேறொருவர் பெயரில். துரோகம் என்று கொதித்தார். பிரதியை வாங்கி வாசித்தேன். அசையும் அசையாச் சொத்துகள் அனைத்தையும் விற்கவும், ஈடு வைக்கவும், நன்கொடை செய்யவும் அதிகாரம் தரும் பொதுத் தத்துவம் அது. "வழமையான படிவந்தானே" என்றார் நண்பர்.

மைத்துனர் செய்தது அநியாயமே. ஆயினும் அதிகாரத்தை அவர் களவெடுக்கவில்லை. காணி விற்கும் உறுதியில் உரியவரோ, அவரால் சட்டப்படி அதிகாரமளிக்கப்பட்டவரோ, நொத்தாரிசு முன்னும் இரு சாட்சிகள் முன்னும் ஒப்பமிடலாம் என்பது 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. அந்த 'அதிகாரமளிக்கப்பட்டவர்' ஆக மைத்துனரை ஆக்கியது நண்பரின் கையெழுத்து.

சொந்தத்துக்குள் வரையறை போட்டு எழுதினால் மனம் நோகாதா என்று கேட்பார்கள். வேலி ஒரு சாண் தள்ளினால் நீதிமன்றப் படியேறும் சமூகம் நாம். வேலிக்கு எல்லை கேட்கும் நாம், அதிகாரத்துக்கு மட்டும் ஏன் எல்லை கேட்பதில்லை? படிவத்தை நிரப்பிக் கொடுத்துக் கட்டணம் வாங்கும் சட்டத்தரணிகளும், 'பொது', 'விசேட' என்ற வேறுபாட்டை இரண்டு நிமிடம் விளக்கினால் குறைந்துபோக மாட்டார்கள்.

வாடகை வாங்கத்தான் வேண்டுமென்றால் அதை மட்டும் எழுதும் விசேட தத்துவம் போதும். விற்பதென்றால் எந்தக் காணி, எத்தனை பரப்பு, நான்கு எல்லைகள் எவை, பணம் யார் கையில் சேரும் என்பன அட்டவணையோடு இருக்கட்டும். முடிவுத் திகதியும் இருக்கட்டும். ஒவ்வொரு தேவைக்கும் புதிதாக எழுதுவது அலைச்சலும் செலவுந்தான். இழந்த காணிக்கு வழக்காடும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

தத்துவங்களைப் பதிவதற்கென்று 1902 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022 இல் அது திருத்தப்பட்டுமிருக்கிறது. இரத்துச் செய்தால் அதையும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதியுங்கள்; தத்துவக்காரருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். தொலைபேசியில் ஏசுவது இரத்து ஆகாது. இன்னொன்று: கொடுத்தவர் இறந்தால் அவர் கொடுத்த அதிகாரமும் பொதுவாக அவரோடு முடிகிறது. இறந்த தந்தையின் தத்துவத்தைக் காட்டிக் காணி விற்க வருபவரிடம் வாங்குபவர், வழக்கையும் சேர்த்தே வாங்குகிறார்.

நம்பிக்கை வேறு, அதிகாரம் வேறு. உறவினரை நம்புங்கள், ஒப்பமிடுமுன் தாளை வாசியுங்கள்.