கைபிடித்து எழுதுவித்த கல்வி

விழாக் காலத்தில் ஒரு கல்லூரி தன் பெருமைகளை எண்ணிப் பார்த்தல் இயல்பே. பரீட்சைப் பெறுபேறுகளும், விளையாட்டு வெற்றிகளும், உயர்பதவி வகித்த பழைய மாணவர் வரலாறுகளும் இம்மலரின் ஏனைய பக்கங்களை அணிசெய்யும். ஆரம்ப வகுப்புகளிலே தமிழ் கற்பித்துவரும் யாம், அப்பெருமைக் கணக்கிற் சேராத ஒன்றைப் பற்றிப் பழைய மாணவ அன்பர்களோடு சில சொற் பேச விழைகின்றோம். கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் எம் சிறார் இழந்து, இன்னும் முழுமையாக மீளப் பெறாத எழுத்தறிவே அது.

2020ஆம் ஆண்டு மார்ச் 13ஆந் திகதி தொடக்கம் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. சில நாட்களில் ஊரடங்கும் வந்தது. அவ்வாண்டு முதலாந் தரத்திற் சேர்ந்த குழந்தைகள் பள்ளிக்கு வரத் தொடங்கி மூன்று திங்களும் நிறையவில்லை. அதன்பின் பாடசாலைகள் திறப்பதும் மூடுவதுமாயின. 2021ஆம் ஆண்டு ஏப்பிரல் இறுதியில் மூடிய கதவுகள் ஒக்டோபர் 21ஆந் திகதியே திறக்கத் தொடங்கின. அதுவும் 200 மாணாக்கருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளுக்கே முதலில். மறு ஆண்டில் எரிபொருட் தட்டுப்பாடு மேலும் பல பள்ளி நாட்களைக் கொண்டுபோயிற்று.

இக்காலத்தில் ஆசிரியரும் பெற்றோரும் கைகட்டி இருந்துவிடவில்லை. நேத்ரா தொலைக்காட்சியில் 'குருகெதர' பாடங்கள் ஒளிபரப்பாயின. ஆசிரியர் பலர் தம் சொந்தச் செலவில் டேட்டா வாங்கி வட்ஸ்அப் வழியே பாடம் அனுப்பினர். ஆயின், 2019ஆம் ஆண்டில் இந்நாட்டின் ஐந்து வீடுகளுள் ஏறத்தாழ ஒன்றிலேதான் கணினி இருந்தது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே கைத்தொலைபேசி. அதுவும் தகப்பனாரோடு வேலைக்குச் செல்லும். இரவில் அவர் திரும்பியபின் மூத்தவனுக்குரிய பாடம் முடிய, இளையவள் உறங்கியிருப்பாள். இதனையறிந்து யாம் செயலட்டைகளை அச்சிட்டு, சந்திக் கடையிலே கொடுத்து வைத்தோம். தாய்மார் திங்களன்று எடுத்துச் சென்று வெள்ளியன்று திருப்பித் தந்தனர். திண்ணையில் அம்மம்மாவும், அடுக்களையில் அக்காவும் ஆசிரியைகளாயினர். அவர்தம் முயற்சியை யாம் என்றும் நன்றியோடு நினைப்போம்.

நிற்க. அக்காலத்தில் யாம் இழைத்த தவறொன்றையும் ஒளியாது கூறல் வேண்டும். திரும்பி வந்த செயலட்டைகளை எண்ணிப் பார்த்து, கல்வி நடைபெறுகின்றதென மனநிறைவு கொண்டோம். ஒரு சிறுமியின் தாள்கள் வாரந்தோறும் முத்துக் கோத்தாற்போன்ற எழுத்தோடு வந்தன. யாமும் சிவப்பு மையால் நட்சத்திரம் இட்டு மகிழ்ந்தோம். பள்ளி திறந்த அன்று அவளைக் கரும்பலகைக்கு அழைத்துப் பெயரை எழுதச் சொன்னோம். வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எம் முகத்தையே பார்த்து நின்றாள். அத்தனை தாளும் அக்காவின் கையெழுத்து! பிள்ளையிடத்துப் பிழையில்லை, இளையவளின் வேலை நின்றுவிடக்கூடாதென்று எழுதிக் கொடுத்த அக்காவிடத்தும் பிழையில்லை. தாள் திரும்பியதைக் கல்வியென மயங்கிய எம்மிடத்தே பிழை.

ஏன் இவ்வாறாயிற்று? முதலெழுத்துக் கல்வி கையாலும் வாயாலும் நடைபெறுவது. குழந்தையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கின்றோம். எம் வாயைப் பார்த்து அது ஒலிக்கப் பழகுகின்றது. எழுத்துக்கள் பிறக்குமாறு கூறத் தொல்காப்பியர் பிறப்பியல் என ஓரியலே வகுத்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. எனவே ழகரத்துக்கு நா எங்ஙனம் மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும் என்பதைக் குழந்தை ஆசிரியரிடமே காண வேண்டும். பள்ளி திறந்தபின்னரோ எம் வாயை முகக்கவசம் மறைத்தது. இடைவெளி விதி எம் கையைக் குழந்தையின் கையிலிருந்து விலக்கியது. வாங்குக்கு ஒருவராக இருத்தி, வகுப்பை இரண்டாகப் பிரித்து மாறிமாறி அழைத்தோம். உயிர் காக்க அவ்விதிகள் இன்றியமையாதன. அவற்றை யாம் குறைகூறோம். ஆயினும் அவற்றுக்குச் சிறார் கொடுத்த விலையை மறைத்தலும் முறையன்று.

"ஆண்டுகள் சில கழிந்துவிட்டனவே, பிள்ளைகள் இதற்குள் பிடித்திருப்பார்கள்" என்பார் உளர். கெட்டிக்காரரும், வீட்டிலே துணையுடையோரும், தனியார் வகுப்புக்குப் பணமுடையோரும் பிடித்துவிட்டனர் என்பது உண்மையே. ஏனையோரின் தரங்கள் ஆண்டுதோறும் ஏறின, வாசிப்பு ஏறவில்லை. 2020ஆம் ஆண்டில் முதலாந் தரத்திற் சேர்ந்தவர்கள் இன்று இடைநிலை வகுப்புகளில் இருக்கின்றார்கள். அங்கே வரலாறும் விஞ்ஞானமும் நீண்ட பந்திகளாக நிற்கின்றன. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை அப்பந்தியின் முடிவை அடையுமுன் தொடக்கத்தை மறந்துவிடுகின்றது. இடைநிலை ஆசிரியர் அதனைச் சோம்பேறித்தனம் என்று எண்ணக்கூடும். பிள்ளையும் தன்னை மந்தமென்றே நம்பிவிடும். இதுவே எம்மை வருத்துவது.

விழா நினைவாகத் தோரணவாயில் அமைக்கவும், வகுப்பறைகளுக்குத் திறன்பலகைகள் வாங்கவும் ஆலோசனைகள் கூறப்படுவதை அறிவோம். அவை வேண்டாவென்று சொல்லும் துணிவு எமக்கில்லை. அழகிய வாயில் எவர்க்கும் மகிழ்ச்சியே. ஆனால், அவ்வாயிலில் பொறிக்கப்படும் கல்லூரியின் பெயரை அதனூடே நுழையும் பிள்ளை தட்டுத்தடுமாறி வாசிக்குமாயின், அப்பெருமை யாருக்கு? முதற்செலவு வாசிப்புக்கு ஆகட்டும் என்பதே எம் வேண்டுகோள். சனிக்கிழமைதோறும் கல்லூரி நூலகத்தை ஒரு மணிநேரம் திறந்து வைப்போம். ஓய்வுபெற்ற ஆசிரியரும், ஊரிலுள்ள பழைய மாணவரும் ஒருவர்க்கு இரண்டு பிள்ளைகளாக அருகிருத்தி, கதைநூல்களை வாய்விட்டு வாசிப்பிக்கட்டும். பரீட்சையும் வேண்டா, கட்டணமும் வேண்டா. வெளிநாட்டிலுள்ள அன்பர்கள் நூல்களுக்கும், பிள்ளைகளின் காலைச் சிற்றுண்டிக்கும் உதவுவாராக. பிழைவிடும் பிள்ளையை நகையாது பொறுத்திருக்கும் ஒரு பெரியவரே இத்திட்டத்தின் மூலதனம்.

ஆசிரிய கலாசாலையிற் பயின்ற நாள் தொட்டு யாம் கண்ட உண்மையொன்று உண்டு: தன்னை ஒருவர் காத்திருக்கின்றார் என்று அறிந்த பிள்ளை வாசிக்கும். பழைய மாணவ அன்பர்காள்! உங்கள் விரலைப் பிடித்து அகரம் எழுதுவித்த ஒருவரை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அக்கை கிடையாது போன பிள்ளைகள் இதே மண்டபங்களில் இருக்கின்றார்கள். அவர்களுக்கு உங்கள் கையைக் கொடுங்கள். கலைமகள் திருவருள் துணைநிற்பதாக.